ரோஷினி வாசித்துக் காட்டிய நோட்டு

எம்.ரெட்டியபட்டி,
11 ஆகஸ்ட் 2025

சுள்ளி, ஏ சுள்ளி.

டீச்சர், மன்னிக்க வேண்டும். உங்களுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் தாளில் வைத்ததும் கை அவளைக் கூப்பிட்டுவிட்டது. அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். அவள் பேரின் மேல் கோடு இழுக்க மனசு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நான் மாரிக்கனி. எட்டாம் வகுப்பில் உங்களிடம் படித்த ரோஷினியின் அம்மா. போன வருஷம் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாளே, அந்த ரோஷினி. குச்சி மாதிரி இருப்பாள் என்று வீட்டில் சுள்ளி என்றுதான் கூப்பிடுவோம்.

நீங்கள் மாறுதலாகி அரூர் போய்விட்டதாக விளையாட்டு வாத்தியார் லாரன்ஸ் சார் சொன்னார். "போன் நம்பர் தாரேன், பேசிக்கிருங்கக்கா" என்றார். "வேண்டாம் சார், அட்ரஸ் மட்டும் எழுதிக் குடுங்க" என்று வாங்கி வந்தேன். போனில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது.

ஒரு உதவி. நீங்கள் வீட்டுக்கு எழுதி அனுப்புவீர்களே, பிரவுன் அட்டை போட்ட நோட்டு, அது என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "உங்கள் மகளின் குரல் வெண்கல மணி போல இருக்கிறது, பிரேயரில் அவளைத்தான் பாட வைக்கிறோம், இப்படியொரு பிள்ளையைப் பெற நீங்கள் கொடுத்து வைத்தவர்." எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்தை மட்டும் அறுத்து அவள் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க ஆசை. நோட்டு முழுக்கத் தேடிவிட்டேன். என் கண்ணுக்குச் சிக்கவில்லை. எத்தனையாவது பக்கம் என்று சொன்னால் போதும்.

இதை எதற்கு இப்போது கேட்கிறேன் என்று நினைப்பீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அடுப்புப் பக்கம் அவள் வாசிக்கிற சத்தம் கேட்கிறது, டீச்சர். அதே வரியைத்தான் வாசிக்கிறாள். நான் உள்ளே காலை வைத்தால் நிறுத்திவிடுகிறாள். நோட்டை அடுப்போரம் விரித்து வைத்துவிட்டு வெளியே நின்றும் பார்த்தேன். வாசிக்கிறாள். உள்ளே போனால் யாரும் இல்லை. அந்த வரியை நானே கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சத்தம் அடங்குமோ என்னவோ.

விறகைச் சுட்டுக் கரியாக்குகிற கரிமூட்டப் புகையில் வேலை செய்து எனக்குக் கண் மங்கல். பதிலை எழுத்து எழுத்தாகப் பிரித்து, பெரிதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாரிக்கனி


அரூர்,
20 ஆகஸ்ட் 2025

ரோஷினி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டபடி பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. ரோஷினி பிரேயரில் பாடியதில்லை. பாட அவளால் முடியாது. கூட்டத்தில் கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து நிற்க நான்தான் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தேன்.

அந்த நோட்டில் நான் எழுதியது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவளுடைய இதயத்தில் கோளாறு இருப்பதாகச் சொன்னதை எழுதினேன். மதுரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி எழுதினேன். ஒரு முறை அல்ல, ஐந்து முறை. ஐந்து முறையும் உங்கள் கையெழுத்து வந்தது. அழகான, நிதானமான கையெழுத்து.

துக்க வீட்டில் கேட்கக் கூடாது என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், அப்படித்தான் இருந்தது. ஒன்பது மாதமாக அடக்கி வைத்திருந்ததை, நீங்களே கடிதம் போட்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்களே, பிறகு ஏன் அவளைக் கூட்டிப் போகவில்லை?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈவா


எம்.ரெட்டியபட்டி,
3 செப்டம்பர் 2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தேன். 'இதயத்தில்' என்கிற சொல்லில் நின்றுவிட்டேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கூட்டினேன். அது அதே சொல்லாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும், டீச்சர். வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொன்னேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள். பஸ் போர்டு வாசிப்பேன், சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் வாசிப்பேன். அச்சடித்த எழுத்து என்றால் எப்படியாவது கூட்டிவிடுவேன். நீங்கள் வேகமாகச் சேர்த்துச் சேர்த்து எழுதுகிற எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். அதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. எப்போதுமே தெரியாது.

நோட்டை அவள்தான் வாசித்துக் காட்டுவாள்.

நான் மூட்டத்திலிருந்து வரும்போது கை, முகம், முடியெல்லாம் கரியாக இருக்கும். நோட்டைத் தொட விட மாட்டாள். "ஏம்மா, மிஸ்ஸு எழுதுனதுல கறை படும், தள்ளி இரு" என்பாள். அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி சொல்கிற மாதிரி வாசிப்பாள். நான் கேட்பேன். ஒரு நாள், "இன்னொரு தடவை வாசி தாயி" என்றேன். திரும்ப வாசித்தாள், ஒரு சொல் மாறவில்லை. அப்புறம் நான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தும் அவள் சொல்லித் தந்ததுதான். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது நான் கோணல் மாணலாகப் போட்டதைப் பார்த்து, "இப்படிப் போட்டா சிரிப்பாகம்மா" என்று ஒரு மாதம் சிலேட்டில் எழுத வைத்தாள். அதைத்தான் நீங்கள் அழகு என்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. அந்தப் பையன் தாளைத் திருப்பிக்கொண்டே, "என்னக்கா, பிள்ளைக்கு நெஞ்சுல ஏதோ..." என்று ஆரம்பித்தான். "வாயை மூடுய்யா, நீ வாசிக்காத" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இனி ஒருத்தர் எனக்கு வாசித்துக் காட்ட நான் கேட்க மாட்டேன், டீச்சர். என் கண்ணாலேயே வாசிக்க வேண்டும். ஜெராக்ஸ் தாள் இதனுடன் இருக்கிறது. நீங்கள் எழுதினதையெல்லாம் தேதி போட்டு, பெரிய எழுத்தில் பிரித்து எழுதி அனுப்புங்கள். ஒன்றையும் குறைக்காதீர்கள். எனக்குப் பாவம் பார்த்து மாற்றி எழுதிவிடாதீர்கள். ஒருத்தி மாற்றினது போதும்.

அவள் போன அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது. அவள் மெதுவாகத்தான் நடந்து போனாள். நான்தான் வாசலில் நின்று, "ஓடுடி, பஸ் போயிரும், ஓடு" என்று சத்தம் போட்டேன். ஓடினாள். பாதி தூரம் ஓடினாள்.

எனக்குத் தெரிந்திருந்தால் ஓடச் சொல்லியிருப்பேனா?

ஐந்து தடவை எழுதினீர்களே. ஒரு தடவை நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களுக்குக் கால் இல்லையா?

மாரிக்கனி


அரூர்,
12 செப்டம்பர் 2025

மாரிக்கனி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. அடுத்த வகுப்புக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மாதமாக உங்கள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். நீங்கள் படித்தீர்கள், பிறகு சும்மா இருந்தீர்கள் என்று நினைத்தேன். கையெழுத்து இருந்தால் படித்தார்கள் என்றுதான் எங்களுக்கு அர்த்தம். பதிவேட்டில் 'பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதி டிக் போடுவோம். உங்கள் பெயருக்கு எதிரே ஐந்து டிக் போட்டிருக்கிறேன்.

நேரில் வரவில்லையா என்று கேட்டீர்கள். ஒரு முறை வந்தேன். போன வருடம் செப்டம்பர் மாதம், நாலரை மணிக்கு, பள்ளி விட்டதும். கதவு பூட்டியிருந்தது. ஐந்து நிமிடம் நின்றேன். ஒரு நாய் குரைத்தது. அருப்புக்கோட்டைக்குக் கடைசி நேரடி பஸ்ஸை விட்டால் மாறிப் போக வேண்டும் என்று திரும்பிவிட்டேன். வந்ததற்கு அடையாளமாக ஒரு சீட்டை எழுதிக் கதவிடுக்கில் சொருகினேன். அதையும் அவள்தான் எடுத்திருப்பாள்.

மறுநாள் அவளிடமே கேட்டேன். "அம்மா என்ன சொன்னாங்க ரோஷினி?" "லீவு விட்டதும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாக மிஸ்." அடுத்த முறை, "மாமா ஊர்ல இருந்து வரணும்னு சொன்னாக." அதற்கும் அடுத்த முறை, "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் மிஸ், மருந்து குடுக்கிறாக." ஒவ்வொன்றையும் நம்பினேன். பாடம் எடுக்கும்போது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் செய்யாததைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெருமை உண்டு. இதைக் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டது கீழே. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

18.7.2024. ரோஷினியை இன்று மருத்துவக் குழுவினர் பரிசோதித்தனர். இதயத்தில் அசாதாரண ஒலி கேட்பதாகக் கூறினர். பரிந்துரைச் சீட்டு இணைத்துள்ளேன். உடனே மதுரை அழைத்துச் செல்லவும்.

12.8.2024. ரோஷினிக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரிடம் காட்டினீர்களா? தெரிவிக்கவும்.

5.9.2024. நாளை அவசியம் பள்ளிக்கு வந்து என்னைச் சந்திக்கவும்.

14.10.2024. மூட்டு வீக்கமும் காய்ச்சலும் உள்ளன. தாமதிப்பது ஆபத்து.

4.11.2024. நீங்கள் வராவிட்டால் தலைமையாசிரியர் மூலம் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும்.

கடைசியாக எழுதியதைப் பார்க்கவே கூசுகிறது. என்ன நடவடிக்கை? யார் மேல்?

ஈவா


எம்.ரெட்டியபட்டி,
2 அக்டோபர் 2025

டீச்சருக்கு,

வாசித்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே வாசித்தேன். உங்கள் பெரிய எழுத்தையும் நோட்டில் இருக்கிற எறும்பு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இப்போது எறும்பும் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.

அவள் எனக்கு வாசித்துக் காட்டியதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்ன அன்றைக்கு, குரல் வெண்கல மணி என்று வாசித்தாள். நான் சந்தோஷத்தில் முட்டை வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு முட்டையையும் அவளுக்கே போட்டேன்.

மாடிப்படி ஏற முடியவில்லை என்று எழுதிய அன்றைக்கு, "ரோஷினியைக் கீழ்த்தளத்துக்கு லீடர் ஆக்கியிருக்கிறோம், இனி அவள் மாடி ஏற வேண்டியதில்லை" என்று வாசித்தாள். "லீடருன்னா சும்மாவா, கால் ஆட்டிக்கிட்டு உக்காந்து வேலை வாங்குறது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

நாளை வரச்சொன்ன அன்றைக்கு, "உங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் உங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம்" என்றாள். எவ்வளவு நல்ல டீச்சர் என்று மூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

காய்ச்சல், வீக்கம் என்று எழுதிய அன்றைக்கு, "லேசான காய்ச்சல், ஒரு மாத்திரை போதும்" என்று வாசித்தாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முட்டி வீங்கியிருந்ததைக் கேட்டதற்கு, கபடியில் விழுந்தேன் என்றாள். "பொம்பளப்பிள்ளைக்கு என்னடி கபடி" என்று திட்டினேன். எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

கடைசியாக எழுதினதுக்கு மட்டும் அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. "இன்னைக்கு வெறும் கையெழுத்துதாம்மா" என்றாள். போட்டேன்.

இப்போது சாயங்காலம் இரண்டு குரல் கேட்கிறது, டீச்சர். ஒன்று அவள் வாசிக்கிறது. அடியில் இன்னொன்று, நோட்டில் நிஜமாக இருக்கிறதை வாசிக்கிறது. உங்கள் குரலா என் குரலா தெரியவில்லை. அவள் மணி என்கிறாள், அது ஒலி என்கிறது. அவள் லீடர் என்கிறாள், அது மூச்சு என்கிறது. காதைப் பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. அந்த வரியைக் கண்ணால் பார்த்தால் அடங்கும் என்று நினைத்தேனே, எவ்வளவு முட்டாள்.

நான் பேசாத பேச்சையெல்லாம் என் வாயில் வைத்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஏது மாமா? என் கூடப்பிறந்தவன் ஒருத்தனும் கிடையாது. அதைக்கூட இத்தனை மாதம் பாடம் எடுத்த உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டாம் என்று நான் எழுதின மாதிரி நீங்கள் நினைத்தீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை நல்லாப் பாடுகிறது என்று நீங்கள் எழுதின மாதிரி நான் நினைத்தேன். நடுவில் பதிமூன்று வயசுப் பிள்ளை ஒற்றையாளாக நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொய்யைச் சுமந்திருக்கிறது. நெஞ்சு சரியில்லாத பிள்ளை.

பூட்டைப் பார்த்துத் திரும்பினேன் என்கிறீர்கள். நாலரை மணிக்கு எங்கள் தெருவில் எந்த வீடும் திறந்திருக்காது. மூட்டம் போட்டால் புகை மூன்று மைலுக்குத் தெரியும். புகையைப் பார்த்து நடந்திருந்தால் நான் அங்கேதான் இருந்திருப்பேன். நீங்கள் அங்கே வந்து நின்றிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பேன். ஆனால் கேட்டிருப்பேன்.

பிள்ளையைப் பற்றிய கெட்ட சேதியைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாமா, டீச்சர்? எங்கள் ஊரில் சாவுச் செய்தியைக்கூடச் சொந்தக்காரன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வேற்றாள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மாரிக்கனி


அரூர்,
14 அக்டோபர் 2025

மாரிக்கனி அக்கா,

நீங்கள் எழுதியதில் எதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

இங்கே எனக்கு ஏழாம் வகுப்பு. போன மூன்று சனிக்கிழமையும் மரவள்ளிக் காடுகளுக்குப் போய்வந்தேன். ஒரு பையனின் அப்பா என்னைத் தூரத்தில் பார்த்ததும் வரப்பில் இறங்கி ஓடிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே வந்து, "லோனு வசூலுக்கு வர்ற அம்மான்னு நெனச்சிட்டேன் மேடம்" என்றார். பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்லப் போகவில்லை, சும்மாதான் வந்தேன் என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். பையனுக்கு இரண்டு வருடமாக ஒரு காது கேட்காது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான் அவனைக் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருந்தேன். இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை. உங்களுக்கு இது ஆறுதல் ஆகாது.

ஒன்றை மறைத்துவிட்டேன். அதை எழுதாமல் தூக்கம் வரவில்லை.

நவம்பர் நாலாம் தேதி, கடைசிக் குறிப்பை எழுதியபோது, "நாளைக்கு நானே உங்கம்மாவைப் பார்க்க வாரேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மிஸ். நீங்க போய்ச் சொல்லிறாதீங்க. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லிருவேன். சத்தியமா மிஸ்." அவள் கை சில்லென்று இருந்தது. பெரிய மனுஷி மாதிரிப் பேசினாள். எனக்கும் அந்த வாரம் தேர்வுத்தாள் வேலை இருந்தது. சரி, சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்றேன். வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள்.

அக்கா, ரோஷினி பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பக்கத்தில் இருப்பவள் பார்த்து எழுதினால்கூடத் தாளை மூடிக்கொள்வாள். ஏன் இதை மட்டும் இப்படி மறைத்தாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

நவம்பர் எட்டாம் தேதி வருஷம் திரும்புகிறது. நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஈவா


எம்.ரெட்டியபட்டி,
1 நவம்பர் 2025

டீச்சருக்கு,

வாருங்கள். அன்றைக்கு எனக்கு வேலை உண்டு, மூட்டம் பிரித்துக் கரி எடுக்கிற நாள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, காலையில் அவளுக்கு ஒரு முட்டை அவித்து வைப்பேன், அவ்வளவுதான். நீங்கள் மூட்டத்துக்கே வாருங்கள். புதுச் சேலை கட்டாதீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. என்னோடு கரி பொறுக்குகிற நாகஜோதி அவள் மகள் சுபத்ராவின் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகளும் பின்னாலேயே ஓடி வந்தாள். விளையாட்டில் முதலாவதாக வந்ததாக எழுதியிருக்கிறது என்று மகள் வாசித்தாளாம். "நீ பாரு மாரிக்கனி, இப்பத்தான் உனக்கு டீச்சரு எழுத்து தெரியுதாமே" என்றாள். நான் கூட்டிக் கூட்டி வாசித்தேன். 'சுபத்ரா மாணவன் ஒருவனின் சட்டையைக் கிழித்துவிட்டாள்' என்று இருந்தது. சுபத்ரா என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். "பெரிம்மா, உங்களை ஆரு வாசிக்கச் சொன்னா?" என்றாள். நாகஜோதி விளக்குமாற்றைத் தேடினாள். மூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரிக்கிறேன் என்று சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. கரிச் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சட்டை கிழிந்த சேதியை அந்தத் தாய்க்கு உடனே வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எனக்குத் தெரியும், டீச்சர். உங்கள் கடிதத்தை வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. எழுதத்தான் பதினைந்து நாள் ஆனது.

அவள் அப்பா தனுஷ்கோடிக்கு நீர் பிரியாத நோய். மதுரையில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தோம். ஊசி, குழாய், ஸ்கேன் என்று அவர் உடம்பில் குத்த இடமில்லை. கடைசியில் உயிர் போய், வேனில்தான் கொண்டுவந்தோம். அவளுக்கு அப்போது பத்து வயசு முடிந்து பதினொன்று. வேனில் அவர் காலடியில் உட்கார்ந்து வந்தாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து, ஜனங்கள் கலைந்த பிறகு, யாரோ ஒரு சித்தி எனக்கு முதுகு வலிக்கிறதைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாமே என்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சொம்பைத் தூக்கி எறிந்தேன். "ஆஸ்பத்திரிங்கிற பேச்சு இன்னொரு தடவை இந்த வீட்டுல வந்துச்சு, அன்னைக்கே நான் கெணத்துல விழுந்து செத்துப்போவேன். எனக்கு இன்னொரு வேனு பாக்கத் தெம்பில்ல" என்று கத்தினேன். சித்தி பயந்து போய்விட்டாள். சுள்ளி கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சொம்பை எடுத்துக் கழுவி வைத்தது அவள்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு வரவே இல்லை. நான் மறந்துபோனேன். வாயில் வந்ததைச் சொன்னேன், மறுநாளே மறந்துபோனேன். அப்பா இல்லாத வீட்டில் நானும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டு, தன் நெஞ்சை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறது. தெருமுனையில் இரண்டு கிணறு இருக்கிறது, டீச்சர். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் ஒன்றிலும் விழவில்லை. காலையில் எழுந்து கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வேலைக்குத்தான் போகிறேன்.

சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்தாளே, வியாழக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். "யம்மா, உனக்கு இப்பக் கோவம் வருமா?" என்றாள். "அரிசி வெந்துருச்சான்னு பாரு, போ" என்றேன். போய்ப் பார்த்தாள்.

இதற்கு மேல் உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை, டீச்சர். வரும்போது பேசலாம். மீதித் தாளில் அவளிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். கோபிக்காதீர்கள்.

சுள்ளி, நான் அரிசியைப் பார்க்கச் சொல்லாமல், "என்னடி தாயி" என்று உன் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், சொல்லியிருப்பியா?